ஒயில் சூடாகுமட்டும்

2001இல் டோர்ட்முண்டில் நான் ஓடித் திரிந்தது ஒரு கிழட்டு ஓப்பல் கடெட். ஒரு கதவு மட்டும் வேறு நிறம். திறப்பைத் திருப்பிய கையோடு ஆக்சிலேட்டரை அடிமட்டும் மிதிப்பேன். ஏ2 நெடுஞ்சாலையில் 140ஐத் தொட்டால் காரே நடுங்கும். ஒருநாள் பின்னால் பிஎம்டபிள்யூ எம்3 ஒன்று வந்தது. நான் விலகுமட்டும் பொறுமையாக நின்றது, பிறகு ஆளைக் காணோம். 3.2 லீற்றர், ஆறு சிலிண்டர், 343 குதிரைவலு. உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த எனக்கு அதெல்லாம் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

இப்போது அதே மொடல், 2003ஆம் ஆண்டுக் கார், என் கராஜில் நிற்கிறது. வாங்கப் போன அன்று எஞ்சினை நான் திறந்தே பார்க்கவில்லை. நிலத்தில் படுத்து, டோர்ச் அடித்து, பின் அச்சைத் தாங்கும் தகட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று தேடினேன். இந்த மொடல் வாங்குகிறவன் எவனும் முதலில் அங்கேதான் படுப்பான். விற்றவர் ரசீதுகள் நிறைந்த கோப்பு ஒன்றையும் நீட்டினார். பாதிக் காசு அதற்குத்தான் கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

சுற்றுமானியில் வரிசையாகச் சின்ன விளக்குகள் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருந்தால் மேல் சுற்றுகளில் எல்லாம் எரியும். ஒயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாய் அணைந்து, 8000 வரை போக அனுமதி கிடைக்கும். என் வேலைத்தலம் பத்து நிமிடத் தூரம். அனுமதி கிடைக்கும்போது நான் ரிவர்ஸ் போட்டுப் பார்க் பண்ணிக்கொண்டிருப்பேன்.

தேய்ந்துவிடுமோ என்ற பயத்தில் கொன்ரொட் பேரிங்குகளையும் மாற்றினேன். கழற்றியதை மெக்கானிக் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு குறையும் இல்லை. அவ்வளவு செலவழித்து அதை அறிந்ததில் எனக்குப் பரம திருப்தி. 2033இல் காருக்கு 30 வயதாகும். எச் நம்பர் தகடு எடுக்கலாம், சட்டப்படி வரலாற்று வாகனம். அதுவரை இரண்டு பேரும் ஓடினால் சரி.

போன முறை ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போனபோது பொடியள் சூழ்ந்துகொண்டார்கள்.

“அங்கிள், எவ்வளவு ஓடும்?”

“250. அதுக்கு மேல போகாமல் கொம்பனியே கட்டி வைச்சிருக்கு.”

நான் எவ்வளவு ஓடினேன் என்று அவர்கள் கேட்கவில்லை. அந்தத் துணிச்சலில், ஒயில் சூடாகாமல் மிதிக்கக்கூடாது, பொறுமை வேணும் தம்பியவை என்று பிரசங்கமும் செய்தேன்.

பக்கத்தில் நின்ற மனுசி சொன்னாள்: “இஞ்சருங்கோ, ஒயில் சூடாகுமட்டும் பொறுக்கிறியள். காலமை நான் சீலை கட்டுமட்டும் பொறுக்கேலாமல் எத்தனை தரம் ஹோர்ன் அடிச்சனீங்கள்?”