நூறாண்டுப் பூட்டு

மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களை நூறாண்டுக்குப் பூட்டி வைக்கும் பிரிட்டனைக் குறை சொல்பவர்கள் நன்றி கெட்டவர்கள். கொள்ளுத்தாத்தா 1921-இல் எந்த முதலாளியிடம் கைகட்டி நின்றார் என்று ஊருக்குத் தெரிந்தால் குடும்ப மானம் என்னாவது? ஆகவே அதை 2022 ஜனவரி வரை பொத்திப் பாதுகாத்தார்கள். பிறகு படிவத்தின் படம் ஒன்றுக்கு மூன்றரைப் பவுண்டு வாங்கிக்கொண்டு கேட்டவர்க்கெல்லாம் காட்டினார்கள். அந்தரங்கம் விலைமதிப்பற்றது என்று இனி யாரும் சொல்ல முடியாது. அமெரிக்கர்கள் அவசரக்காரர்கள், 72 ஆண்டிலேயே திறந்துவிடுகிறார்கள். 1950 பதிவில் தொட்டிலில் கிடந்தவர் தன் ரகசியத்தைத் தானே துப்பறியலாம்.

பேத்தி உயிரோடு இருக்கும்போதே காட்டினால் என்ன என்பார்கள். காட்டத்தான் செய்தார்கள்: 1911 படிவங்கள் 2009-லேயே வந்துவிட்டன. ஆனால் செவிடர், குருடர், பித்தர் என்று எழுதும் கடைசிக் கட்டத்தை மட்டும் 2012 வரை மூடி வைத்தார்கள். அந்த மூன்று ஆண்டில் இறந்தவர்களின் கூச்சமெல்லாம் தெளிந்திருக்கும்.

விதி எவ்வளவு கறாராக இருந்தாலும் ஒருநாள் பூட்டைத் திறந்தாக வேண்டியிருக்கிறது என்பதுதான் குறை. 1931-க்கு அந்தக் குறையும் இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் படிவங்கள் முழுவதும் 1942 டிசம்பரில் ஹேய்ஸ் கிடங்கில் எரிந்து சாம்பலாயின. குண்டுவீச்சுகூட இல்லை, வெறும் தீ. 1941-இல் போரைக் காட்டிக் கணக்கே எடுக்கவில்லை. அது இன்னும் பத்திரம். அடுத்த தொகுதி 1951-இனுடையது, 2052 வாக்கில் திறக்கும். வம்சாவளி ஆர்வலர்கள் அதுவரை உப்பையும் சர்க்கரையையும் குறைத்துக்கொள்வது நல்லது.