கூடாரத்தம்பி

சித்திரை பிறந்து, வாடைக்காற்று ஓய்ந்து, நிலாவெளிக் கடல் தெளிந்ததும் திருகோணமலை–புல்மோட்டை வீதியால் இரண்டு கூட்டத்தார் வந்து இறங்குவார்கள். முதலாவது கூட்டம் மேற்குக் கரை மீனவர். தென்மேற்குப் பருவக்காற்று அவர்களுடைய கடலைக் கலக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தார் படகும் வலையுமாகக் கிழக்கே வந்து, கரையில் கிடுகால் வாடி போட்டு, புரட்டாதி மட்டும் தொழில் செய்துவிட்டுத் திரும்புவது தலைமுறை வழக்கம். இரண்டாவது கூட்டம்தான் நம்முடைய கூடாரத்தம்பி. அவரும் அதே மணலில்தான் படுப்பார். வாடிக்காரர் படுப்பதற்குப் பெயர் பிழைப்பு. தம்பி படுப்பதற்குப் பெயர் அனுபவம்.

இறக்கக்கண்டிப் பாலத்தடியில் வான் நிற்கும். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், இடையில் முகத்துவாரம், கரையோரம் மணல்மேடு, வடக்கே குச்சவெளிப் பக்கத்துக் காடு. கூடாரக்காரர் ஆசைப்படும் எல்லாவற்றையும் ஆண்டவன் ஒரே இடத்தில் வைத்திருக்கிறான். வானிலிருந்து முதலில் ஒரு முதுகுப்பை இறங்கும். கொஞ்ச நேரம் கழித்து, அதன் அடியில் தம்பி இருப்பது தெரியவரும்.

பையைத் திறந்தால் மடக்குக் கதிரை, சின்னக் காஸ் அடுப்பு, நெற்றியில் கட்டும் லைட், தண்ணீர் வடிகட்டி, காற்றடைக்கும் மெத்தை, மெத்தைக்குக் காற்றடிக்கும் பம்ப், பம்புக்கு பற்றரி, ஏழு அலகுள்ள கத்தி. கத்தியின் ஆறு அலகுக்கு என்ன வேலையென்று அவருக்கும் தெரியாது. ஏழாவது அலகு நூடில்ஸ் பக்கற்றைக் கிழிக்க உதவும். வாடிக்கு வருகிற ஆள் ஐந்தாறு மாதத்துக்குக் கொண்டுவருவது ஓர் உரப்பை: இரண்டு சாரம், ஒரு போர்வை, சவர்க்காரம், வெற்றிலைச் சாமான். தம்பி இரண்டு இரவுக்கு வந்திருக்கிறார். இயற்கையோடு ஒன்றிப்போவதற்குச் சாமான் கொஞ்சம் கூடத் தேவைப்படுகிறது.

தம்பியில் இரண்டு வகை உண்டு. கொழும்புத்தம்பி, போயா லீவு வெள்ளியோடு ஒட்டி வரும் கிழமையில் புறப்படுவார். கரையில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்து, “ஆ, சிக்னல் இல்லை” என்று மகிழ்வார். பிறகு சிக்னல் தேடி மணல்மேட்டில் ஏறுவார்.

ரொறன்ரோத்தம்பி அனுபவசாலி. அல்கொன்குவின் காட்டிலும், ஒன்ராறியோ ஏரியோரச் சாண்ட்பாங்க்ஸ் மணல்மேட்டிலும் கூடாரமடித்தவர். அங்கே ஒரு துண்டு நிலத்தில் கூடாரம் போட ஐந்து மாதம் முன்னதாகவே பதிவு தொடங்கிவிடும். நல்ல கிழமையானால் அன்றைக்கே முடிந்தும் விடும். அதனால் இங்கே வந்ததும் “புக்கிங் எங்கே செய்வது?” என்று கேட்பார். கேட்கப்பட்டவர் கடலைப் பார்ப்பார். கரடிக்குப் பயந்து சாப்பாட்டுப் பையைக் கயிற்றில் கட்டி மரத்தில் தொங்கவிட்டுப் பழகிய கை, இறக்கக்கண்டியிலும் கிளை தேடும். பனையிடம் கிளை இல்லை. ஒருவழியாக எங்கோ தொங்கவிட்ட பாணைக் காகம் கொத்தி முடித்த பிறகே, இந்தக் கரையின் கள்ளன் யார் என்று அவருக்கு விளங்கும்.

இனிக் கூடாரம். யூடியூபில் மூன்று நிமிடத்தில் நிமிர்ந்த அதே கூடாரம், இங்கே அசருக்குத் தொடங்கி மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை நிமிராது. அதன் ஆணி புல்தரைக்கென்று செய்தது. காய்ந்த மணலில் அது இறங்கிய வேகத்திலேயே வெளியே வரும். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருக்கும் காக்கா ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்ப்பார்.

“தம்பி, ஆணிய மணல் புடிக்காது. உரப்பையில மண்ணள்ளி, கயித்த அதுல கட்டி, ஆழத் தாழுங்க. யானை இழுத்தாலும் வராது.”

தம்பி சிரித்து நன்றி சொல்வார். செய்யமாட்டார். கூடாரத்தோடு வந்த கையேட்டில் உரப்பை இல்லை.

ஆணி பிடிக்காதது போதாதென்று, இடமும் அவர் தேடித்தேடி எடுத்த இடம்: மேட்டின் உச்சி. அங்கேதான் காட்சி நன்றாக இருக்குமாம். அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர் இராவணன். திருகோணமலையில் இராவணனுக்கு மலையில் வெட்டு உண்டு, கன்னியாவில் வெந்நீர்க் கிணறு உண்டு, மீசை மட்டும் கரை முழுக்கப் பரந்து கிடக்கிறது. இராவணன் மீசை என்ற அந்த மணற்புல்லின் விதைத்தலை முள்ளுருண்டையாகக் காற்றில் ஓடித் திரியும். காற்றடைத்த மெத்தைக்கும் அதற்கும் அறிமுகமாவது பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்கு. ‘புஸ்’ என்ற ஒரு பெருமூச்சோடு தம்பி இயற்கையோடு முழுமையாக ஒன்றிப்போவார்.

இதில் ஊரார் சிரிக்காத ஓரிடம் உண்டு. கூடாரத்துக்கு இடம் துப்புரவாக்குகிறேன் என்று தம்பி அடம்பன் கொடியைப் பிடுங்குவார். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழியை அவர் பள்ளிக்கூடத்தில் எழுதிப் புள்ளி வாங்கியிருப்பார், கொடியைத்தான் தெரியாது. அந்தக் கொடியும் மீசையும் சேர்ந்து பிடித்துவைத்ததுதான் மணல்மேடு. மழைத்தண்ணீரை வடித்து உள்ளே வைத்திருப்பதும், உவர் ஏறாமல் கரையோரக் கிணற்றைக் காப்பதும் அந்த மேடுதான். 2004 மார்கழி 26ஆம் திகதி கடல் ஏறி வந்த பிறகு, கிழக்குக் கரையில் கிணறு கிணறாக உப்பை இறைத்தவர்களுக்கு மேட்டின் அருமை தெரியும்.

நடுச்சாமத்தில் கச்சான் எழும்பும். இந்தக் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிப்பது. ஆகையால் ஆணி கழன்ற கூடாரம் ஊருக்குள் ஓடாது. நேர் கிழக்கே நிக்கோபார் தீவைப் பார்த்துக் கிளம்பும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அலைக்குள் இறங்கி அதை மறிப்பவர், சாயந்தரம் புத்தி சொன்ன அதே காக்காதான். அதற்குப் பிறகு உரப்பை வரும். கையேடு நனைந்துவிட்டதால் தம்பியும் மறுக்கமாட்டார்.

இந்தச் சந்தடியில் விழித்து, டோர்ச்சோடு வரும் பக்கத்து வீட்டு உம்மா கேட்கும் கேள்வி நேரடியானது.

“மகன், ஊட்டுல ஏதும் பிரச்சினயா?”

“இல்ல உம்மா, விருப்பத்துக்கு வந்த.”

“விருப்பத்துக்கா? இது என்ன வெல?”

“நாற்பதாயிரம் ரூபா.”

உம்மா கூடாரத்தை ஒருதரம் சுற்றிப் பார்ப்பார். “சுனாமிக்குப் புறகு எங்களுக்குத் தந்தது இதவிடப் பெரிசு, மகன். சும்மாதான் தந்தாங்க. எப்ப அத உட்டுட்டு வெளிய வருவம் எண்டுதான் நாங்க இருந்த.”

பதிலுக்குத் தம்பியின் கத்தியில் அலகில்லை.

விடிந்தால் சூரியன் நேரே முகத்துக்கு வரும். கிழக்குக் கரையில் அதுதான் அழகு. ஆறரை மணிக்கே கூடாரம் பிட்டுக்குழலாகி, தம்பி ஆவி பறக்க வெளியே தள்ளப்படுவார். அந்நேரம் கரையில் கரைவலை இழுப்பார்கள். தம்பியும் போய்க் கயிற்றில் கை வைப்பார். படம் எடுக்கும்வரை இழுப்பார். வலைக்குக் கை கொடுத்தவனை வெறுங்கையோடு அனுப்புவது கடற்கரை வழக்கமல்ல. சம்மாட்டி ஒரு பிடி சூடை மீனை அள்ளிக் கொடுப்பார். அதை வாங்கும்போதுதான், மீன்பிடிக் கிராமத்துக்குத் தான் கொழும்பிலிருந்து மீன் டின் கொண்டுவந்திருப்பது அவருக்கு உறைக்கும்.

அடுத்த ஆசை புறாத்தீவு. 1963இல் சரணாலயமாக்கப்பட்டு, 2003இல் தேசியப் பூங்காவாகி, வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கும் தீவு. பகலில் ரிக்கற் எடுத்துப் போய்ப் பவளப்பாறையைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் திரும்பிவிட வேண்டும். “அங்கே கூடாரம் போடலாமா?” என்று தம்பி கேட்க, படகுக்காரர் சொல்வார்: “அங்க ராத்தங்க புறாவுக்கு மட்டும்தான் பேமிற்.”

இவ்வளவு சொன்னாலும் தம்பி கெட்டவரல்லர். போர்க்காலத்தில் இருட்டிய பிறகு இந்த மணலில் காலாற நடக்கவே அஞ்சிய ஊர் இது. கூடாரம் என்றால் ஓடிவந்தவர்களுக்கும் வீடிழந்தவர்களுக்கும் உரியது என்றே பார்த்த கண்கள் இங்கே நிறைய. அங்கே ஒருவர் காசு செலவழித்து, சந்தோஷமாக வந்து, பயமில்லாமல் குறட்டை விடுகிறார் என்றால் காலம் கொஞ்சம் நல்லதாயிருக்கிறது என்றுதான் அர்த்தம். அவருடைய குறட்டையை ஊர் பொறுத்துக்கொள்ளும்.

ஆகவே, வரப்போகும் தம்பிமாரே, தாராளமாக வாருங்கள். ஐப்பசி பிறக்க முன்னர் வாருங்கள். பிறகு வாடைக்கடல் உங்களைக் கேட்காமலே கூடாரத்துக்குள் வரும். இரவு தங்க முன்னர் ஊராரிடமும் பொலிசிலும் ஒரு சொல் சொல்லுங்கள். மேட்டுக்கு மேலே ஏறாமல் அதன் அடியில் படுங்கள். அடம்பனில் கை வைக்காதீர்கள். காக்கா சொன்னால் உரப்பையைத் தாழுங்கள். போகும்போது சொப்பிங் பை, போத்தல், பற்றரி, மீன் டின் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போங்கள். பையில் இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பையை ஊரே பார்த்திருக்கிறது.