களிமண்ணுக்கு எவ்வளவு குடுத்தே?

ஏ ஆயி, பல்லு வெளக்கப் போன மனுசன் பிரஷ்ஷ வைக்க எடமில்லாம திரும்பி வர்றன். மொகத்தக் கழுவ ஒண்ணு, கழுவுன மொகத்த மறுபடி கழுவ ஒண்ணு, கழுவி முடிச்சத ஈரமாக்க ஒண்ணு, அந்த ஈரம் போவாம மூடி வைக்க ஒண்ணு. அஞ்சாவதா ஒண்ணு நிக்குதே, அது எதுக்குன்னு உனக்காச்சும் தெரியுமா? கோவிச்சிக்காத. கேலி பண்றதுக்கு முன்னாடி கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒவ்வொரு டப்பாவுலயும் பொடி எழுத்துல என்னா போட்டிருக்குன்னு படிச்சிப் பாத்துட்டுத்தான் பேசறன். படிக்காம கேலி பண்றவன் திண்ணைக்காரன். நான் ரிட்டயர்டு மைன்ஸ்காரன்.

மொதல்ல அந்த வெள்ள டியூப்பு. ‘கயோலின்’னு போட்டிருக்கு. என்னமோ பாரீஸ்ல காய்க்கற பழம்னு நெனச்சிக்கிட்டியா? வெள்ளக் களிமண்ணு, ஆயி. அது எங்க கெடைக்கும்னு என்னக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன். 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் நெலத்துல போரு போடறப்ப கருப்பா வந்துச்சில்ல, அதுலேருந்து பொறந்த ஊரு இந்த நெய்வேலி. 1956ல நிலக்கரிக் கம்பெனி ஆச்சி. 1957 மே மாசம் நேரு வந்து சுரங்க வேலையத் தொடங்கி வெச்சாரு. கரி கண்ணுல பட்டது எப்ப? 1961 ஆகஸ்ட்ல. நடுவுல நாலு வருசம் நாட்டுக்கே கரண்டு குடுக்கப்போற ஊரு வெட்டி எடுத்தது வெறும் மண்ணு. அந்த மண்ணுலதான் உன் வெள்ளக் களிமண்ணும் இருந்துச்சி. அதக் கழுவிச் சுத்தம் பண்றதுக்குன்னே இங்க ஒரு ஆலை இருந்துச்சி, தெரியுமா? பீங்கானுக்கும் காயிதத்துக்கும் ரப்பருக்கும் போவும். விருத்தாசலம் பக்கம் அதுல பொம்ம செஞ்சாங்க. நாங்க நைட் ஷிஃப்ட் முடிஞ்சி வந்தா காதுக்குள்ள, கண்ணு எமையில, மூக்கு ஓட்டையில எல்லாம் அந்த மண்ணுதான். உங்க ஆயா வாசல்லயே நிறுத்தி, கொல்லப்பக்கமாச் சுத்தி அனுப்பி, ரெண்டு கொடம் தண்ணிய ஊத்துனாத்தான் சோத்துக்கு எல போடுவா. இப்ப அதே மண்ண நீ காசு குடுத்து வாங்கிப் பூசிக்கிட்டு இருவது நிமிசம் வாயத் தொறக்காம உக்காந்திருக்கற. தொறந்தா வெடிச்சிடுமாமே. அந்த ஒரு கொணத்துக்காவ உங்க ஆயாவுக்கும் ஒரு டியூப்பு வாங்கியாந்து குடு. காசு நான் தர்றன்.

மண்ணு மொகத்துல இருக்கற எண்ணெய உறிஞ்சும், அது நெசந்தான். மொகம் எண்ணெ வழியறவளுக்கு நல்லது. உனக்கு ஏற்கனவே தோலு காஞ்சி வெள்ளவெள்ளயாப் பூத்துக் கெடக்கு. அப்புறம் எதுக்கு அத உறிஞ்சிட்டு, வேற டப்பாவுலேருந்து எண்ணெய எடுத்துத் திரும்பப் போடற? ஒரு கையில எறைக்கறது, மறு கையில ஊத்தறது. இதுக்குப் பேருதான் ரொட்டீனாமே!

உன்ன மட்டும் சொல்லல. உங்க அண்ணன் ஒருத்தன் இருக்கானே, தாடிக்கு எண்ணெ தேய்க்கற மகராசன். காலைல அவன் ரூம் கதவத் தொறந்தா தெருநாய்கூட தும்முது. ஒரு நாளு அந்தக் கருநீல பாட்டில கொண்டாந்து என் மூக்குல காட்டி, “தாத்தா, இது காட்டுச் செடி வாசனை”ன்னான். மோந்து பாத்தன். நல்லாத்தான் இருந்துச்சி, பொய் சொல்லக்கூடாது. ஆனா அந்தக் காட்டோட கத அவனுக்குத் தெரியாது. அந்த மாதிரி வாசனைக்கு அடியில இருக்கறது ‘கூமரின்’னு ஒரு சரக்கு. காஞ்ச வைக்கோல் வாசனை அடிக்கும். 1868ல பெர்க்கின்னு ஒரு வெள்ளக்காரரு அத ஆலையிலேயே செஞ்சி காட்டுனாரு, செடி இல்லாம. எதுலேருந்து தெரியுமா? நிலக்கரித் தாருலேருந்து வந்த சரக்குலேருந்து. அதே மனுசன் பதினெட்டு வயசுல, 1856ல, கரித்தாருலேருந்து ஊதாச் சாயம் எடுத்தவரு. அப்புறம் 1882ல பாரீஸ்ல ஹூபிகான் கம்பெனிக்காரங்க அந்தக் கூமரினப் போட்டு ‘ஃபூஜேர் ருவாயல்’னு ஒரு சென்ட்டு வுட்டாங்க. இன்னைக்கு ஆம்பளைங்க அடிக்கற பாதி சென்ட்டுக்கு அதுதான் பாட்டன். இப்ப கூமரினுக்கு மூலச்சரக்கு பெட்ரோல் பக்கம் போயிடுச்சி, அது வேற. ஆனா கொலம் கோத்திரம் பாத்தா கரிதான். கரி ஒட்டக்கூடாதுன்னு உங்கப்பன் உன்னையும் அவனையும் படிக்க வெச்சான். அவன் குளிச்சி முடிச்சிக் கரியவே அடிச்சிக்கிட்டுப் போறான்.

எங்க காலத்துச் செவப்பு லைஃபாய் சோப்பு ஞாபகம் வருது. அந்தக் கார்பாலிக் வாடையும் கரித்தாரு வழி வந்த சரக்குதான். இங்க லெக்கோன்னு அடுப்புக்கரிக் கட்டி செஞ்ச ஆலையிலயே கார்பாலிக் அமிலம் கூடச் சேந்து வந்துச்சி. ஆக, கரிய வெட்டி, கரியில அழுக்காயி, கரிச் சோப்புல குளிச்சி வந்தோம். அதோட வுட்டுச்சா? பழுப்பு நிலக்கரியிலேருந்து மெழுகு எடுக்கறாங்க, செருமனி நாட்டுல, ஆம்ஸ்டோர்ஃப்னு ஒரு ஊருல. நம்ம சுரங்கத்துல மண்ணு வெட்டற பக்கெட் வீல் ராட்சசன் வந்துச்சே, அதே நாடுதான். அந்த மெழுகு ஷூ பாலிஷுக்கும் போவுது, மேக்கப்பு சாமானுக்கும் போவுது. இனிமே யாராச்சும் உன்ன ‘நெய்வேலிக் கரி’ன்னு கேலி பண்ணா, “உன் ஒதட்டுல இருக்கறதுக்கு ஒறமொற நான்தான்டி”ன்னு சொல்லிட்டு வந்துரு.

நதிமூலம் ரிசிமூலம் பாக்கக்கூடாதும்பாங்க. சென்ட்டு மூலத்தையும் அதோட சேத்துக்க. என் கல்யாணத்துல எனக்குச் சந்தனத்தோட புனுகு கொழச்சித் தடவுனாங்க. மூணு நாளு வாசனை போவல. புனுகு எங்கேருந்து வருதுன்னு அப்புறம்தான் எங்க மாமன் சொன்னாரு. பூனையோட வாலுக்குக் கீழ ஒரு பை இருக்கு, அதச் சொரண்டி எடுக்கறது. மாமன் இத ஏன் பந்தியில சாப்பிட்டுக்கிட்டிருக்கறப்ப சொன்னாருன்னு இன்னைக்கும் எனக்கு வெளங்கல. பூனைக்கு வலிக்கற வேல அது. இப்ப பெரிய கம்பெனிங்க நெசப் புனுக வுட்டுட்டு ஆலையில செஞ்சதப் போடறாங்களாம், சந்தோசம்.

உங்க அண்ணனுக்குச் சொல்லு, வாசனைக்காவ அவ்வளவு தூரம் போவ வேணாம்னு. குறிஞ்சிப்பாடி தாண்டிக் கடலோரம் போனா நொச்சிக்காடு பக்கம் மணல்ல வெட்டிவேரு போட்டிருப்பாங்க. மேல பாத்தா வெறும் கோரப்புல்லு, மாடுகூடத் திரும்பிப் பாக்காது. பத்து மாசம், ஒரு வருசம் மணலுக்குள்ள எறங்கிக்கிட்டே இருக்கும். அப்புறம் வெட்டி, ஒதறி, அலசிக் காய வெப்பாங்க. வெட்டற அன்னைக்கு அந்தக் கொல்ல ஓரமா நடந்து போனாலே போதும், மழ பேஞ்ச மொத நாளு வாசனை. அந்த வேர ஆவியில வேக வெச்சி எண்ணெ எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க. கெர்லான்னு ஒரு பிரெஞ்சுக் கம்பெனி அந்த வேரு பேர அப்படியே பாட்டில் மேல எழுதி வித்துச்சி, இன்னமும் விக்குது. வெட்டிவேரு எண்ணெ கனமான சரக்கு. பொசுக்குனு ஆவியாவாது, கூட இருக்கற லேசான வாசனையையும் புடிச்சி நிறுத்தும். உங்க அண்ணன் அடிக்கற ஸ்ப்ரேவுல முக்காவாசி ஸ்பிரிட்டும் கேஸும். பஸ்சு வடக்குத்து தாண்டறதுக்குள்ள அவன் வாசனை போயிடும், பக்கத்து சீட்டுக்காரன் தலவலி மட்டும் நிக்கும். வேர்த்து ஊத்தற ஒடம்பு மேல எத அடிச்சாலும் வேர்வதான் ஜெயிக்கும். குளிச்சித் தொடச்சி, மணிக்கட்டுல துளி எண்ணெ தடவி, அதுமேல ஒரு தரம் போட்டாப் போதும். வாசனை பொம்பளப் புள்ளைங்கள இழுத்தாருமுன்னு டிவியில காட்டறத நம்பி அடிக்கறான் பாவம். இதுவரைக்கும் வந்தது குளவிதான்.

அடுத்தது உன் பச்ச டப்பா. ‘நூறு சதம் இயற்கை’. அடியேய், பண்ருட்டிச் சீமையில பொறந்துட்டு இயற்கைன்னு எழுதினா மயங்கலாமா? முந்திரிக்கொட்ட ஓட்டுல இருக்கற எண்ணெ இயற்கை இல்லாம வேற என்னா? கொட்ட ஒடைக்கற பொம்பளைங்க கையப் பாத்திருக்கியா? சாம்பலையோ வெளக்கெண்ணெயையோ பூசிக்கிட்டுத்தான் உக்காருவாங்க. அப்படியும் வெரலு நுனி கருகி, தோலு உரிஞ்சி, ரேகை தேஞ்சி போயிருக்கும். பார்லர்ல ‘பீல்’னு சொல்லித் தோல உரிக்க ஆயிரக்கணக்குல வாங்கறாங்களாமே, இங்க கொட்ட ஒடைக்கறவங்களுக்கு அது கூலியோட சேத்துக் கெடைக்குது. சேங்கொட்டையும் இயற்கைதான். பாம்பு விஷமும் இயற்கைதான். உங்க ஆயா பூலாங்கெழங்கு, பயத்தமாவு, ஆவாரம்பூ அரச்சி வெச்சிருக்காளே, அது நல்லதுன்னா பல பேரு பல காலம் பூசிப் பாத்து ஒண்ணும் ஆவலன்றதால நல்லது. அதுலயும் உனக்கு அரிச்சா கழுவிடு. கெழவி கோவிச்சிக்குவான்னு தேய்ச்சிக்கிட்டு இருக்காத.

அழகுச் சாமானு விக்கறதுல நம்ம ஜில்லா ஒண்ணும் கொறஞ்சதில்ல. ஷாம்பூவப் பாட்டில்ல வாங்க வக்கில்லாத சனத்துக்குச் சின்னப் பொட்டலத்துல போட்டுக் குடுத்த ஆளு, கடலூர்க்காரரு சின்னி கிருஷ்ணன். அவரு மகன் ரங்கநாதன் 1983ல பதினஞ்சாயிரம் ரூவாயோட தனியாக் கம்பெனி தொடங்கி, அப்பா பேரச் சுருக்கி ‘சிக்’னு ஷாம்பூ போட்டாரு. காலி பொட்டலம் அஞ்சு குடுத்தா ஒண்ணு சும்மான்னாங்க. எங்க தெருவுல புள்ளைங்க குப்பமேட்டையே சலிச்சிப்புட்டாங்க. சீவக்காய்க்குக் கண்ணெரிஞ்சி அழுத சனம் மல்லிப்பூ வாசனையோட தலைய ஒதறிக்கிட்டு மந்தாரக்குப்பம் தியேட்டருக்குப் போச்சி. அதுல ஒரு தப்பும் இல்ல. ஏழை வூட்டுத் தலைக்கும் வாசனை வேணும்தான?

எனக்குச் சண்ட வேற எடத்துல. அதே கம்பெனி 1998ல செவப்பாக்கற க்ரீமும் போட்டுச்சி. அதுக்கு வழி காட்டுனது 1975லேருந்து வித்துக்கிட்டிருந்த ஃபேர் அண்ட் லவ்லி. 2020ல ‘ஃபேர்’ங்கறத எடுத்துட்டு ‘க்ளோ’ன்னு மாத்திக்கிட்டாங்க. மாப்ள வூட்டுக்காரங்க மட்டும் இன்னும் பேர மாத்திக்கல, “பொண்ணு கலரு எப்படி?”ன்னுதான் கேக்கறாங்க. கேக்கறவன் மூஞ்சியப் பாத்தா நம்ம கன்வேயர் பெல்ட்டே தேவலாம்.

இருந்தாலும் கம்பெனி க்ரீமுக்குக் கேக்கறதுக்கு ஒரு விலாசமாச்சும் இருக்கு. உன் பலகையில கடைசியா ஒரு குட்டி டப்பா, வாயில நொழையாத எழுத்து, ஏழே நாள்ல வெளுப்புன்னு படம், அது எங்க வாங்கனது? கூட்டாளி குடுத்தாளா? கேலி போதும், இத மட்டும் காது குடுத்துக் கேளு. சில வெளுப்பு க்ரீமுல பாதரசம் கலக்கறாங்க. தோலுல கருப்பு உண்டாவறத அது தடுக்கும், அதனால வெளுக்கும். அப்புறம் தோலு வழியா உள்ள எறங்கிக் கிட்னியில உக்காந்துக்கும். கேரளாவுல கோட்டக்கல் ஆஸ்பத்திரி டாக்டருங்க 2021 ஜூலைலேருந்து 2023 செப்டம்பர் வரைக்கும் ஒரு வகைக் கிட்னி நோவுன்னு வந்த 22 பேரச் சோதிச்சாங்க. 15 பேருக்கு அபூர்வமான ஒரே ரகம். அதுல 13 பேரு வெளுப்பு க்ரீம் பூசனவங்க. சட்டப்படி க்ரீமுல பாதரசம் பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு மேல இருக்கக்கூடாது. சட்டத்தப் படிச்சிட்டா டப்பா அடைக்கறான்?

இன்னொண்ணு, மெடிக்கல்ல சீட்டு இல்லாம வாங்கற ஸ்டீராய்டு ஆயின்மென்ட்டு. படைக்கும் சொறிக்கும் டாக்டரு பாத்து எழுதற மருந்து அது. அத மூஞ்சிக்குத் தெனம் பூசுனா மொத மாசம் மினுக்கும். அப்புறம் தோலு மெலிஞ்சி, செவந்து, பரு கொதிச்சி, முடி மொளைக்கும். நிறுத்தினா இன்னும் எரியும், அதனால நிறுத்தவும் பயப்படுவாங்க. நம்ம பிளாக்குலயே ஒரு புள்ள துப்பட்டாவால மொகத்த மூடிக்கிட்டுத்தான் காய்கறி வாங்க வருது. பொறப்புல அது மாநெறம், பாக்க லட்சணமா இருந்த புள்ள.

வெயிலுக்குப் போடற க்ரீம மட்டும் வெச்சிக்க. அதுல எனக்கு மறுப்பு இல்ல. சித்திர வைகாசியில இங்க அடிக்கற வெயில எழுவது வருசம் என் கழுத்துல எழுதி வெச்சிருக்கு, வந்து பாரு. கண்ணு மை, மருதாணி, பூவு, சென்ட்டு எல்லாம் போட்டுக்க. மினுக்கறதுக்கு வயசும் இருக்கு, காசும் நீ சம்பாரிக்கற காசு. ஆனா எந்த டப்பா வாங்குனாலும் செஞ்சவன் பேரு, விலாசம், லைசென்ஸ் நம்பரு, முடியற தேதி நாலும் இருக்கான்னு பாரு. வெளிநாட்டுச் சரக்குன்னா எறக்குமதி பண்ணவன் பேரு இருக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் கடைக்காரன் மொகத்துக்கு நேரா திருப்பிக் குடு. வெளுப்பு க்ரீம ஏற்கனவே பூசிட்டவங்களுக்குக் கால் வீங்குனா, மூத்திரம் நொரச்சிப் போனா, அழகு நெலையத்துக்குப் போவாதீங்க. நேரா டாக்டருகிட்டப் போங்க, அந்த டப்பாவயும் கையோட எடுத்துக்கிட்டுப் போங்க.