கேமரா காட்டும் கூத்து

இன்னா பேராண்டி, பட்டணத்துல ஏதோ கலைக் கண்காட்சியாம்? இருட்டு ரூம்புக்குள்ள நீ போனா கேமரா உன்னைப் புடிச்சு சுவத்துல பெரிசா காட்டுதாம். அதுதான் நகர வாழ்க்கையாம். ஏன்டா, நம்ம தெரு சலூன்ல குந்தினா முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு கண்ணாடி. உன் பின்மண்டை இருவது தெரியும். சலூன்காரன் அதுக்குத் தனியா காசு கேட்டானா?

கேமராவே குத்தம்னு சொல்லல கண்ணு. 1980 நவம்பர்ல கிட் கேலவே, ஷெர்ரி ராபினோவிட்ஸுன்னு ரெண்டு பேரு ஒரு வேலை பண்ணாங்க. நியூயார்க்குல ஒரு திரை, லாஸ் ஏஞ்சலஸ்ல கடை ஜன்னல்ல ஒரு திரை. நடுவுல சாட்டிலைட்டு. 'ஹோல் இன் ஸ்பேஸ்'னு பேரு. போர்டும் இல்ல, விளக்கமும் இல்ல. தெருவுல போறவன் திரும்பிப் பாத்தா, அந்தாண்ட ஊரு ஆளு முழு உசரத்துல நின்னு பேசுறான்! மூணே சாயங்காலம்தான். சேதி பரவி, வருசக்கணக்கா பாக்காத சொந்தக்காரங்க சொல்லி வெச்சு வந்து நின்னாங்க.

சூட்சுமம் இன்னா தெரியுமா? அதுல தன் மூஞ்சி தனக்குத் தெரியாது. அப்புறம் எதிர்ல இருக்கவனைத்தானே பாக்கணும்?

2024 மே மாசம் டப்ளினுக்கும் நியூயார்க்குக்கும் 'போர்ட்டல்'னு வட்டத் திரை வெச்சாரு லிதுவேனியாக்காரரு ஒருத்தரு. சத்தம் கிடையாது, படம் மட்டும். ஒரு வாரம் தாங்கல. ஒரு ஆளு பின்பக்கத்தக் காட்டுச்சு. இன்னொண்ணு இரட்டைக் கோபுரம் எரியுற படத்தப் போன்ல தூக்கிப் புடிச்சுது. மூடிட்டாங்க. அப்பால, கிட்ட வந்து மறைச்சா படம் மங்கிப் போறாப்புல பண்ணித் திறந்தாங்க. துணிய அவுத்துக் காட்ட அம்மாம் பெரிய மிஷினு எதுக்குடா? டாஸ்மாக் வாசல்ல சும்மாவே நடக்குதே!

நம்ம ஊரு மட்டும் ஒசத்தியா? கார்த்திகை தீபத்தன்னிக்கு திருவண்ணாமலைல அர்த்தநாரீஸ்வரர் வருசத்துக்கு ஒரு தபா வெளிய வராரு. சில நிமிசம் ஆடிட்டு உள்ள பூடுறாரு. அதே நேரம் 2668 அடி மலை மேல கொப்பரை பத்திக்குது. கையெல்லாம் மேல போவுது. கும்பிடவா? போனு! அதுலயும் பாதிப்பேரு சாமிக்கு முதுகக் காட்டி, பல்லக் காட்டுறான். சாமியும் மூஞ்சியும் ஒண்ணா வரணுமாம்.

பதினாலு கிலோமீட்டரு கிரிவலத்துல எதுனா எடுக்கணும்னா ஓரமா நில்லு, கண்ணு. நடுவுல நின்னியானா, பின்னால வர்ற கிழவி கைத்தடியால ஒண்ணு வெப்பா. அதையும் சேத்து எடுத்துக்க.