முப்படத் தொடர்களில் தாய்ப்பத்திரச் சிக்கல்: வடசேரிச் சாயாக்கடையை முன்வைத்து

ஆய்வு என்று வந்துவிட்டால் களம் வேண்டும். இந்த ஆய்வின் களம் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு சாயாக்கடை. காலம் மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை. ஆய்வுக் கருவிகள் ஒரு பெஞ்சு, இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல், ஸ்பூனால் பிட்டுத் தின்னும்படி ஊறிப்போன ரசவடை. ஆய்வுக்கு உட்பட்டோர் இரண்டு பொறியியல் மாணவர்கள், செல்போன் பழுது பார்க்கும் ஒருவர், பத்திரம் எழுதியே முடி நரைத்துப்போன முன்னாள் ஆவண எழுத்தர் ஒருவர். இவரை எல்லாரும் பாட்டா என்று கூப்பிடுகிறார்கள். பேரன் பேத்திகளின் உபயத்தில் சினிமா அறிவு கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

ஆய்வுக் கேள்வி இதுதான். மூன்று பாகமாக விஞ்ஞானப் படம் எடுக்கப் புறப்படுகிறவர், மூன்றாவதில் என்ன நடக்கும் என்பதை முதலாவதிலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டுமா? இதைப் பற்றிய முந்தைய ஆய்வுகள் அனைத்தும் இதே பெஞ்சில் நடந்தவை. எல்லாம் பஸ் வந்ததும் முறிந்தவை.

முதலில் உள்ளூர்ச் சரக்கு. 'எந்திரன்' 2010 அக்டோபர் 1-ல் வெளிவந்தது. அதற்குப் பத்து வருஷம் முன்பிருந்தே அந்தக் கதை ஷங்கரிடம் இருந்தது. கமல்ஹாசனுக்கென்று தொடங்கி, ஷாருக்கான் வரை போய், ரஜினிகாந்திடம் வந்து சேர்ந்தது. வசனம் எழுதிய சுஜாதா 2008 பிப்ரவரியில் காலமாகிவிட, ஷங்கர், மதன் கார்க்கி பெயர்களும் வசனத்தில் சேர்ந்தன. ஆகவே திட்டமே இல்லாமல் எடுத்தார்கள் என்று யாரும் வாய் திறக்க முடியாது. போட்ட திட்டம் பூராவும் ஒரு படத்துக்குப் போட்டது, அவ்வளவுதான். கடைசிக் காட்சி 2030-ல் நடக்கிறது. அருங்காட்சியகத்தில் ரோபோ சிட்டி துண்டு துண்டாகக் கிடக்க, பள்ளிப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் எறிந்தது போன்ற முடிவு.

எட்டு வருஷம் கழித்துக் கிணற்றில் குதித்தார்கள். '2.0' வந்தது 2018 நவம்பர் 29-ல். அது ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணனின் நூற்றுப்பத்தாவது பிறந்தநாள். இதற்கும் படத்துக்கும் எள்ளளவு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் ஆய்வுக் கட்டுரை என்றால் இப்படி ஒரு தகவல் இருந்தாக வேண்டும். சம்பந்தமுள்ள தகவல் வேறு: அந்தப் படத்தின் எழுத்தில் ஷங்கரோடு சேர்ந்தவர் ஜெயமோகன், நாகர்கோவில்காரர். அதனால் இந்தக் கடையில் 2.0-வைக் குறை சொல்கிறவர்கள் ரோட்டை இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள்.

2.0 நடப்பது 2030-க்கு முன்பா, பின்பா? இதில் கடை இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு தரப்பை முந்தியர் என்றும் மறு தரப்பைப் பிந்தியர் என்றும் இவ்வாய்வாளர் வகைப்படுத்துகிறார். முந்தியரின் தலைவர் செல்போன்காரர். அவர் வைக்கும் சான்று தொழில் சார்ந்தது, படத்தில் பறந்து போகும் செல்போன்கள். "பறந்து போற போன் எல்லாம் நான் டிஸ்பிளே மாத்திக் குடுத்த மாடலாக்கும். 2030-ல இதை எவன் வச்சிருப்பான்?" மறுக்க முடியாத வாதம். ஆனால் படம் முடியும்போது சிட்டி முழுசாக நிற்கிறான், போதாக்குறைக்கு 3.0 என்று ஒரு குட்டியும் எட்டிப் பார்க்கிறது. முந்தியர் கணக்குப்படி 2030-க்குள் சிட்டியை மறுபடி கழற்றி மறுபடி கண்ணாடிக்குள் வைத்தாக வேண்டும். யார் கழற்றுவது? பிந்தியர் தரப்பு மாணவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவர்களுக்கு இருப்பது போன் சங்கடம் ஒன்றுதான்.

பாட்டாவின் கவலை வேறு. முதல் படத்தில் சண்டையெல்லாம் சனா என்ற பெண்ணை முன்னிட்டுத்தான் மூண்டது. இரண்டாம் படத்தில் அந்தப் பெண் போனில் குரலாக மட்டும் வருகிறது. "கெட்டிக்கப் போற பிள்ளைய போன்லயே நிறுத்தியாச்சு. அந்தப் போனும் பறந்து போச்சு. பொறவு என்னத்தைக் கல்யாணம்!"

இனிக் கடல் கடந்த சரக்கு. மாணவர்களின் உண்மையான மனக்குறை சிட்டி அல்ல, 'ஸ்டார் வார்ஸ்'. 2012-ல் டிஸ்னி நிறுவனம் ஜார்ஜ் லூகாஸின் கம்பெனியை ஏறக்குறைய 405 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த மூன்று படங்களுக்கு லூகாஸ் எழுதி வைத்திருந்த கதைச் சுருக்கங்களும் அதோடு கைமாறின. வாங்கியவர்கள் அவற்றைப் பின்பற்றவில்லை. லூகாஸ் மனம் நொந்துபோனதை டிஸ்னியின் தலைவராக இருந்த பாப் ஐகரே தன் புத்தகத்தில் ஒத்துக்கொள்கிறார். 2015-ல் முதல் படத்தை ஜே.ஜே.ஏப்ரம்ஸ் எடுத்தார். 2017-ல் இரண்டாவதை எழுதி எடுத்தவர் ரையன் ஜான்சன். மூன்றாவதுக்கு அமர்த்தப்பட்ட காலின் டிரெவரோ 2017 செப்டம்பரில் விலக, மறுபடி ஏப்ரம்ஸே வந்து 2019-ல் முடித்து வைத்தார்.

இனி நடந்த கூத்தைப் பத்திர எழுத்தர் பார்வையில் பார்ப்போம். ரே என்ற பெண் யார் பெற்ற பிள்ளை? முதல் படம் இந்தக் கேள்வியை ஊர் முழுக்கத் தண்டோரா போட்டது. இரண்டாம் படம், அப்பன் ஆத்தாள் ஒன்றும் பெரிய ஆட்கள் இல்லை, குடிக்கக் காசுக்காகப் பிள்ளையை விற்றவர்கள் என்றது. மூன்றாம் படம், அதெல்லாம் சும்மா, இவள் பேரரசர் பால்பட்டீனின் பேத்தி என்றது. அந்தப் பால்பட்டீனோ 1983-லேயே பாதாளக் குழியில் தூக்கி எறியப்பட்டவர். எப்படி வந்தார்? எப்படியோ வந்துவிட்டார் என்று ஒரு பாத்திரம் ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோகிறது. அவர் உலகத்துக்கு விடுத்த அறிவிப்பு படத்தில்கூட இல்லை. படம் வருவதற்குச் சில நாள் முன்பு ஃபோர்ட்நைட் என்ற வீடியோ கேமில் ஒலித்தது.

"லேய் மக்கா, அதைச் சொல்லு முதல்ல," என்று பாட்டா கிளாஸைக் கீழே வைத்தார். "தோவாளையில கிடக்கிற வயலுக்குத் தாய்ப்பத்திரத்தை எங்கேயோ ஒரு விளையாட்டு மைதானத்துல பதிஞ்சு வச்சிருக்கான். எவன் வாங்குவான் இந்தச் சொத்தை?"

இங்கேதான் நாஞ்சில் நாட்டின் தனி அறிவு வேலை செய்கிறது. மூன்று படத்திலும் கறுப்புடுப்பில் திரியும் பென் சோலோ யார்? பழைய படங்களின் நாயகன் லூக்கின் கூடப்பிறந்த லேயா பெற்ற மகன். அதாவது லூக்குக்குச் சகோதரி மகன், மருமகன். உலகத்தில் மற்ற ஊர் ரசிகர்களுக்கு இது வெறும் உறவுமுறை. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் இது சொத்துரிமை. 1926-ல் திருவிதாங்கூரில் சட்டம் வரும்வரை அங்கே மருமக்கள் வழிதான் நடந்தது. தறவாடு என்ற கூட்டுக் குடும்பத்தை மூத்த தாய்மாமனான காரணவர் ஆள்வார். அவருக்குப்பின் உரிமை சகோதரி மக்களுக்கு. பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஏதோ ஒரு பங்கு, அதுவும் வழக்குக்குப் போனால்தான் கைக்கு வரும். தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்த அவலத்தைத்தான் 'மருமக்கள் வழி மான்மியம்' என்று தலபுராணம் மாதிரி ஒரு கேலிக் காவியமாகப் பாடினார். அதில் கதை சொல்கிறவள் காரணவரின் ஐந்தாம் மனைவி. போலி ஆராய்ச்சிக்கு இந்த மண்ணில் முன்னோடி உண்டு என்பதை இவ்வாய்வாளர் பணிவோடு பதிவுசெய்கிறார்.

இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் ரையன் ஜான்சனின் படம் பளிச்சென்று புரிகிறது. காரணவர் லூக், தூங்கும் மருமகன் தலைமாட்டில் ஒரு கணம் வாளை உருவிவிடுகிறார். மருமகன் விழித்துக்கொள்கிறான். குடும்பம் நாசம். அமெரிக்க ரசிகர்கள் பலர், லூக் இப்படிச் செய்வாரா என்று கொதித்தார்கள். "செய்வான்டே, ஏன் செய்யமாட்டான்!" என்கிறார் பாட்டா. "கோட்டாறு கோர்ட்டு கட்டுல தேடிப் பாரு, வாள் இருக்காது, மத்தது எல்லாம் இருக்கும்." கோர்ட்டுக் கட்டுகளை இவ்வாய்வாளர் சரிபார்க்கவில்லை. ஆனால் பாட்டாவின் ரசனை சரியானது. மூன்றில் உருப்படியான படம் அந்த இரண்டாவதுதான். மூன்றாவது அதை வில்லங்கமாக நினைத்து ஒவ்வொன்றாக ரத்துசெய்து எழுதிக்கொண்டே போனதுதான் கேடு.

கல்லாவில் பெரிய சேதமில்லை. முதல் படம் 200 கோடி டாலரைத் தாண்டியது, இரண்டாவது 133 கோடி, மூன்றாவது 107 கோடி. படிக்குப் படி இறக்கம்தான், ஆனாலும் யாரும் பிச்சை எடுக்கவில்லை.

அப்படியானால் திட்டம் போட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? மாணவர்களில் ஒருவன் ஆமாம் என்கிறான். மற்றவன் பழைய கணக்கை எடுத்துவிட்டான். 1977-ல் முதல் படம் எடுத்தபோது லூகாஸிடம் மட்டும் திட்டம் இருந்ததா? அடுத்த படத்துக்கு லீ பிராக்கெட் எழுதிய முதல் வரைவில் வில்லன் டார்த் வேடரும் லூக்கின் அப்பாவும் இரண்டு தனி ஆட்கள். அப்பாவே ஆவியாக வந்து மகனிடம் பேசுகிறார். அந்த அம்மையார் 1978-ல் இறந்த பிறகு, லூகாஸ் தாமே எழுதிய வரைவில்தான் வேடர் அப்பாவாகிறார். 1980-ல் வந்த படத்தில் லேயா லூக்கின் வாயில் முத்தம் கொடுக்கிறாள். 1983-ல் இருவரும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் என்கிறார்கள். கடை ஒரு நிமிஷம் அமைதியானது. பாட்டா சாயாவைக் குடித்து முடித்தார். "முன்கூட்டித் தெரிஞ்சிருந்தா அதை எடுத்திருக்கவே மாட்டான்," என்றார் செல்போன்காரர், மெல்ல.

ஆக, அங்கேயும் திட்டம் இல்லை. ஆனால் தறவாட்டுக்கு ஒரே காரணவர் இருந்தார். தப்பும் அவருடையது, தப்பைக் கதையாக்கிச் சமாளித்ததும் அவருடையது. பிற்பாடு வந்த மூன்று படத்தில் ஆளுக்கொரு பத்திரம், ஒருவர் எழுதியதை அடுத்தவர் அடித்தார்.

பிந்தியர் தரப்பு மாணவன் விடுவதாக இல்லை. மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது என்றான். குமரிமுனையில் ஐயன் திருவள்ளுவர் சிலை 133 அடி. அதில் பீடம் 38 அடி, அறத்துப்பால் அதிகாரங்கள் 38. அதன்மேல் நிற்கும் சிலை 95 அடி, பொருட்பால் 70, காமத்துப்பால் 25, கூட்டினால் 95. மூன்று பாகத்துக்கும் அளவு முதலிலேயே முடிவு. கணபதி ஸ்தபதி பாதி கட்டிய பிறகு, பால்பட்டீன் போல யாரையும் உள்ளே கொண்டுவரவில்லை. கூட்டம் தலையாட்டியது. இரண்டாவது ஸ்டார் வார்ஸ் படம் வசூலித்ததும் 133 கோடி என்பதை யாரோ நினைவூட்ட, இவ்வாய்வாளர் அதை அடிக்குறிப்பில் போடலாம் என்று நினைத்துப் பிறகு வெட்கப்பட்டு விட்டுவிட்டார்.

"அது சரி," என்றார் பாட்டா. "அதுக்குக் கல்லு போட்டது எப்பம்? 1979-ல மொரார்ஜி தேசாய். வேலை தொடங்கினது 1990. திறந்தது 2000 ஜனவரி ஒண்ணு. திட்டம் நல்ல திட்டம்தான், கேட்டியா. இருபத்தோரு வருஷம்."

செல்போன்காரர் விரலை மடக்கினார். 2018-ல் எட்டிப் பார்த்த குட்டிக்கும் அதே இருபத்தோரு வருஷம் கொடுத்தால் 3.0 வருவது 2039-ல். அருங்காட்சியகக் காட்சி முடிந்து ஒன்பது வருஷம் ஆகியிருக்கும். பிந்தியர் தரப்பு அதைத் தங்கள் கட்சிக்குச் சாட்சியமாக உடனே எழுதிக்கொண்டது. அதற்குள் பூதப்பாண்டி பஸ் வந்துவிட்டது.