உலகப் புகழ் பியானோ கலைஞராக ஆறு சுலப வழிகள்

1. சீக்கிரம் ஆரம்பியுங்கள். நாலு வயதுக்குள் கட்டையில் விரல் பட்டிருக்க வேண்டும். பத்து வயதில் போய் நின்றால் ஆசிரியர் துக்கம் விசாரிப்பார்.

2. குறுக்கு வழி தேடாதீர்கள். ராபர்ட் ஷூமன் விரலுக்கு வலுவேற்ற ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார். வலக்கை விரல் முடங்கியதுதான் மிச்சம் என்பார்கள். அவர் இசையமைக்க உட்கார்ந்தார். மேடையை ஆண்டவர் மனைவி க்ளாரா.

3. போட்டிக்குப் போங்கள், முடிந்தால் தோற்றுவிடுங்கள். வார்சாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஷோப்பன் பியானோ போட்டி நடக்கும். 1980இல் இவோ போகொரெலிச்சை இறுதிச் சுற்றுக்கு விடவில்லை. நடுவர் மார்த்தா ஆர்கெரிச் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். வென்றவர் வியட்நாமின் டாங் தாய் சன். ஊரெல்லாம் பேசியது தோற்றவரைப் பற்றி.

4. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யுங்கள், கேட்காததையும் சேர்த்து. ஆம்ஸ்டர்டாமில் மரியா ஜுவாவ் பிரெஸ் ஒரு மோட்சார்ட் கான்செர்ட்டோவுக்குத் தயாராகி வந்து உட்கார்ந்தார். வாத்தியக் குழு வேறொன்றை ஆரம்பித்தது. நெற்றியில் கை வைத்தார். நடத்துநர் ரிக்கார்டோ ஷாயியோ, கையை வீசிக்கொண்டே, "உனக்குத் தெரிந்ததுதானே" என்கிற தோரணையில் சமாதானம் சொன்னார். முன்னிசை முடிவதற்குள் அம்மையார் முழுவதையும் நினைவிலிருந்து தோண்டியெடுத்தார்; வாசித்தும் முடித்தார். உங்களுக்கு அந்த இரண்டு நிமிஷம் போதுமா, பாருங்கள்.

5. தளவாடத்தில் பிடிவாதம் பிடியுங்கள். வயலின்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். உங்கள் வாத்தியம் கிட்டத்தட்ட அரை டன். போன ஊரில் இருப்பதைத்தான் தட்ட வேண்டும். ஹோரோவிட்ஸோ சொந்த ஸ்டைன்வே பியானோவை மாஸ்கோவரை கொண்டுபோனார். அது கட்டுப்படியாகாவிட்டால் க்ளென் கூல்டைப் பின்பற்றுங்கள்: அப்பா குட்டையாக்கிக் கொடுத்த நாற்காலியைப் போகுமிடமெல்லாம் எடுத்துப்போனார். தரையிலிருந்து 14 அங்குலம். மூக்கு கட்டையை உரசும். வாசிக்கும்போது முணுமுணுக்கவும் செய்யலாம். அவர் முணுமுணுப்பு இசைத்தட்டிலும் ஏறியிருக்கிறது.

6. உச்சத்தில் மேடையை விடுங்கள். ஹோரோவிட்ஸ் 1953இல் ஒதுங்கி, 1965இல் கார்னகி ஹாலுக்குத் திரும்பினார். டிக்கெட்டுக்கு ஜனங்கள் ராத்திரியெல்லாம் தெருவில் நின்றார்கள். கூல்ட் 1964இல், 31 வயதில், கச்சேரிக்கு முழுக்குப் போட்டார், திரும்பவேயில்லை. ஒரு எச்சரிக்கை: முதலில் புகழ், பிறகுதான் ஓய்வு. வரிசை மாறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஆறும் பலிக்கவில்லையா? மனம் தளர வேண்டாம். ட்யூஷன் எடுங்கள். பியானோ படித்தவர்களில் பலர் வீட்டு வாடகை கட்டுவது அப்படித்தான்.