தினம் இரண்டு பக்கம்

என் எழுத்தை எடைக்குப் போட்டால் எவ்வளவு தேறும் என்று பழைய பேப்பர்காரரைக் கேட்டேன். விற்கிற எண்ணம் இல்லை, சும்மா ஒரு கணக்குக்குத்தான். நீள சைஸ், கோடு போட்டது, 192 பக்கம். அப்படி 114 நோட்டு. அவர் ஒன்றை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார். நடுவில் பிரித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"எழுதின நோட்டுங்களா சார்? எழுதாததுன்னா வெலை வேற."

முப்பது வருஷ எழுத்து வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. பெரிதாக மறுக்கவும் முடியவில்லை.

நான் தபால் இலாகாக்காரன். கும்பகோணத்தை ஒட்டிய ஒரு சின்ன ஆபீஸில் முத்திரை குத்தியும் மணியார்டர் எண்ணியும் பணியை முடித்தவன். நோட்டு எழுத வருமுன் கதை எழுதினேன். பத்திரிகைக்கு அனுப்பும்போது, தபால்தலை ஒட்டிச் சுயவிலாசமிட்ட உறையைக் கூடவே வைக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. கதை திரும்பி வருவதற்கான வண்டிச் சத்தத்தை எழுதியவனே முன்கூட்டிக் கட்டிவிடுகிற ஏற்பாடு. என் விஷயத்தில் ஒரு கூடுதல் கொடுமை என்னவென்றால், போகும்போது முத்திரை குத்துவதும் நான்தான், வரும்போது பையைப் பிரித்துக் கொட்டுவதும் நான்தான். குவியலுக்கு நடுவே என் கையெழுத்தே என்னைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். சில நாள் எனக்கு முன்னால் தபால்காரர் பார்த்துவிடுவார். "சார், ஒங்களது ஒண்ணு வந்திருக்கு" என்பார், சாவுத் தந்தி கொடுக்கிற குரலில்.

ஆசிரியர் என்று ஒருவர் இருப்பதால்தானே இந்தத் தொல்லை என்று 1994 ஜனவரி முதல் தேதி ஒரு நோட்டு வாங்கினேன். எழுதுபவன் நான், ஆசிரியர் நான், பிரசுரமும் நான். தினம் இரண்டு பக்கம். எதைப் பற்றியும்.

"எதைப் பற்றியும்" என்பது எவ்வளவு பெரிய வலை என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் மாதம் வாழ்க்கை, மரணம், காவிரி, கடவுள் எல்லாவற்றையும் எழுதித் தீர்த்துவிட்டேன். பிப்ரவரியில் சரக்கு இல்லை. ஆனால் பக்கம் இருந்தது. அன்று பிடித்த வியாதி இன்னும் விடவில்லை. சொல்ல விஷயம் இருக்கிறதா என்று நான் கேட்டுக்கொள்வதே கிடையாது; இரண்டாவது பக்கத்தின் கடைசிக் கோடு நிரம்பியதா, அதுதான் கேள்வி. நிரப்ப வழிகள் உண்டு. ஜுரம் வந்தால் கையெழுத்து தானாகப் பெரிதாகிவிடும். மழை பெய்தால் அரைப் பக்கம் உறுதி. "இன்று எழுத ஒன்றும் இல்லை" என்று தொடங்கி, ஏன் இல்லை, முன்பு எப்படி இருந்தது, இனி எப்போது இருக்கும் என்று நீட்டினால் இரண்டு பக்கமும் போதாமல் மூன்றாவதற்கு ஓடும். என் நோட்டுகளில் மிகவும் சரளமான பகுதிகள் அவைதான்.

எங்கள் இலாகாவில் எனக்கொரு குலகுரு உண்டு. ஆந்தனி டிராலப். இங்கிலாந்துத் தபால் இலாகாவில் 1834-ல் குமாஸ்தாவாகச் சேர்ந்து 1867 வரை வேலை பார்த்தவர். அங்கே தெருவோரத் தபால்பெட்டி வந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. இதற்கு நடுவே நாவல்களும் எழுதினார். மொத்தம் 47. விடியற்காலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். கைக்கடியாரம் அப்போது ஏது, பைக் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதுவார். எத்தனை பக்கம் எழுதினோம் என்று நாள்வாரியாகக் கட்டம் போட்டு ஒரு பேரேடு வேறு. ஒரு நாவல் முடிந்து, நேரம் இன்னும் மிச்சமிருந்தால் பேனாவை மூடமாட்டார். அடுத்த நாவலைத் தொடங்கிவிடுவார். கல்யாண மண்டபத்தில் ஒரு பந்தி எழுந்ததும் இலையை எடுத்துவிட்டு அடுத்த பந்திக்குத் தண்ணீர் தெளிக்கிற வேகம்.

இதையெல்லாம் அவர் பாட்டுக்குச் செய்துவிட்டுப் போயிருக்கலாம். சுயசரிதையில் அப்படியே எழுதியும் வைத்துவிட்டார். அவர் இறந்த மறு வருஷம், 1883-ல் அது வெளிவந்ததும் விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். கடிகாரம் பார்த்து எழுதுவது ஒரு கலைஞன் செய்கிற காரியமா? அவர் பேர் இறங்கிப்போய், நிமிர வெகுகாலம் ஆயிற்று. ராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார்.

அந்தச் சுயசரிதையில் என்னை உலுக்கிய தகவல் வேறு. அவரை விடியற்காலையில் எழுப்பிக் காப்பி கொடுக்க ஒரு வேலையாள் இருந்தார். அதற்காக அவருக்கு வருஷத்துக்கு 5 பவுன் கூடுதல் சம்பளம். இதைக் காலை ஆறு மணிக்கு என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"நாலரைக்கே எந்திரிச்சு ஒக்கார்றீங்களே, அப்படியே பாலைக் காய்ச்சி வச்சா எனக்கு ஒரு வேலை கொறையும்" என்றாள்.

மறுநாளிலிருந்து பால் காய்ச்சுவதும் நான்தான். அதிகம் படிப்பதால் வருகிற நஷ்டங்களில் இதுவும் ஒன்று.

டிராலப்பாவது நாவல் எழுதினார், காசு பார்த்தார். என் ஜாதி அசல் ஆள் ராபர்ட் ஷீல்ட்ஸ். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் டேட்டன் என்ற சிற்றூர்க்காரர். பாதிரியாராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். 1972-லிருந்து 1997 வரை, தன் வாழ்க்கையை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தட்டச்சில் பதிந்தார். சாப்பிட்டது, சவரம் செய்தது, ரத்த அழுத்தம், கழிவறைக்குப் போய்வந்தது, ஒன்று விடவில்லை. கனவும் தப்பக்கூடாது என்று இரண்டிரண்டு மணி நேரமாகத்தான் தூங்குவாராம். பிற்கால விஞ்ஞானிகளுக்குப் பயன்படட்டும் என்று மூக்கு முடியைக்கூட ஒட்டி வைத்தார். மொத்தம் சுமார் 3 கோடியே 75 லட்சம் வார்த்தை. ஒரு நாளைக்கு நாலாயிரத்துக்கு மேல். நான் என்னுடையதைக் கணக்குப் போட்டேன். 33 லட்சத்தைத் தாண்டவில்லை. அவரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அன்று முழுக்க மனசு சரியில்லை. அந்த மனசு சரியில்லாததை வைத்து இரண்டு பக்கம் எழுதினேன்.

ஷீல்ட்ஸ் தன் காகிதங்களைப் பெட்டி பெட்டியாக ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தபோது, தான் இறந்து 50 வருஷம் வரை யாரும் படிக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார். நான் அப்படி எதுவும் போடவில்லை. என் வீட்டில் அது தானாகவே அமலில் இருக்கிறது.

படிக்கமாட்டார்களே தவிர, பயம் மட்டும் உண்டு. தினம் இரண்டு பக்கம் எழுதுகிறவன் வீட்டில் இருந்தால் மற்றவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதை நீங்கள் வந்து பார்க்க வேண்டும். சமையலறையில் மகளும் மனைவியும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போனால் பேச்சு சட்டென்று முருங்கைக்காய் விலைக்குத் தாவிவிடும். மைத்துனர் வீட்டுச் சொத்துத் தகராறு பற்றிப் பேச ஊரே கூடியது, என்னை மட்டும் கோயில் பிரசாதம் வாங்கிவர அனுப்பிவிட்டார்கள். சாவு வீட்டில் நான் சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்தால் போதும், "ஆரம்பிச்சுட்டார்யா" என்று யாராவது சொல்வார்கள். டிக்கெட்டின் பின்பக்கம் எனக்கு மிகவும் வசதி, அதனால் எடுப்பேன். உண்மையைச் சொன்னால், அழுகிற முகத்தைப் பார்க்கும்போது ஒரு கண் அழும். இன்னொன்று இதை எந்த வார்த்தையில் சொல்வது என்று தேடும். நல்ல குணம் இல்லை. விடவும் முடியவில்லை.

தலைகீழான ஆட்களும் உண்டு. என் பெரியம்மா மகன் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, சொந்த வாழ்க்கையைத் தலைப்புப் பிரித்துச் சொல்வார். "இத எழுதிக்க" என்று நடுநடுவே நிறுத்துவார். அவரைப் பற்றி மட்டும் இதுவரை ஒரு வரிகூட எழுதத் தோன்றியதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியை எதிர்வீட்டுக்காரர் குடை சாய்த்தார். மூன்று ஏக்கர் குறுவை போடுகிறவர். மேட்டூரில் ஜூன் 12 திறக்கிறார்கள் என்றாலும், கல்லணையைத் தாண்டி எங்கள் கிளை வாய்க்காலுக்குத் தண்ணீர் என்றைக்கு வரும் என்பது அவரவர் பிராப்தம். ஒருநாள் சாயங்காலம் வந்தார்.

"அண்ணே, ஒங்ககிட்டதான் எல்லாம் எழுத்துல இருக்குமே. முந்தின வருஷம் நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி என்னிக்கு வந்துச்சு? நாத்து விடறதுக்கு ஒரு கணக்குப் பாக்கணும்."

முப்பது வருஷத்தில் என்னைத் தேடி வந்த முதல் வாசகர்! அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பீரோவைத் திறந்தேன். நோட்டு எடுத்தேன். ஜூன் இருக்கிறது. தண்ணீரும் இருக்கிறது. "காவிரியும் நம் பண்பாடும்" என்று ஆறு நாள், பன்னிரண்டு பக்கம். கரிகாலன் இருக்கிறான், கல்லணை இருக்கிறது, ஆற்றோரம் நாகரிகம் பிறந்த கதை இருக்கிறது, அதிகாரிகளுக்கு என் கண்டனம் இருக்கிறது. வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த தேதி மட்டும் இல்லை. ஆறாம் நாள் பக்கத்தில் "தண்ணீரைக் கண்டதும் நெஞ்சு நிறைந்தது" என்று ஒரு வரி. என்றைக்குக் கண்டேன் என்று இல்லை. முதல் நாளே கண்டிருக்கலாம். நிறைவதற்கு ஆறு நாள் ஆகியிருக்கலாம்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இருங்க தம்பி" என்று பரணிலிருந்து ஒரு சுருளை இறக்கி, ரப்பர் பேண்டைக் கழற்றினாள். உரக்கடையில் கொடுக்கிற மாதக் காலண்டர். ஜூன் தாளில் ஒரு கட்டத்துக்குள் சின்னதாக: "தண்ணி வந்தாச்சு. ம. 4." அடுத்த கட்டத்தில்: "பா. இ." பால் இல்லையாம்.

அவர் தேதியைக் குறித்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. "அக்கா, அதுக்கு முந்தின வருஷமும் இருக்குங்களா?" என்றார்.

இருந்தது. எல்லா வருஷமும் இருந்தது. நாங்கள் குடித்தனம் தொடங்கிய வருஷத்திலிருந்து ஒவ்வொரு காலண்டரும் சுருட்டிப் பரணில் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல், என் தலைக்கு மேலேயே. அந்தத் தெருவில் யாருக்கு எப்போது பிரசவம், மோட்டார் காயில் எப்போது கட்டியது, வண்ணான் கணக்கு, அமாவாசை தவறியது, மாமியார் வழுக்கி விழுந்தது. நாளுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்கு மேல் ஒரு சொல் கிடையாது. தெருப் பெண்கள் வெகுகாலமாக அவளிடம் வந்து தேதி கேட்டுப் போகிறார்களாம். அவர்கள் வம்பு பேச வருவதாக எழுதி நான் எத்தனையோ பக்கம் நிரப்பியிருக்கிறேன்.

அந்த ராத்திரி எனக்கு ஆனந்தரங்கப் பிள்ளை ஞாபகம் வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்தவர். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761-ல் கண்ணை மூடும் காலம் வரை ஏறத்தாழ 25 வருஷம் தினப்படிச் சேதி எழுதிவைத்த மனிதர். எந்தக் கப்பல் வந்தது, எந்தச் சரக்கு இறங்கியது, யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, துய்ப்ளெக்ஸ் துரை என்ன சொன்னார், துரையின் பெண்டாட்டி என்ன செய்தாள். வியாபாரிக்கு வேண்டியது இதுதான். பண்பாடு பற்றிப் பன்னிரண்டு பக்கம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. வெள்ளைக்காரன் அதை 12 தொகுதியாக மொழிபெயர்த்து அச்சுப் போட்டான். பிரபஞ்சன் அதிலிருந்து நாவல்களே எடுத்தார். லண்டன் சாமுவேல் பீப்ஸும் அப்படித்தான். 1660-லிருந்து ஒன்பது வருஷத்துக்கு மேல் சுருக்கெழுத்தில் எழுதினார்; 1666-ல் லண்டன் தீப்பிடித்து எரிந்தபோது தன் பாலாடைக்கட்டியைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்ததையும் எழுதினார். அந்தத் தீ என்றால் இன்றும் பலருக்கு அந்தப் பாலாடைக்கட்டிதான் ஞாபகம் வருகிறது. பாழாய்ப்போன நான், பீப்ஸ் இடத்தில் இருந்திருந்தால் "நெருப்பும் நிலையாமையும்" என்று எழுதியிருப்பேன்.

ஆர்வம் தாங்காமல் 1994 சுருளைத் தேடி எடுத்தேன். ஜனவரி 1, என் எழுத்து வாழ்க்கை பிறந்த நாள். அவள் கட்டத்தில் என்ன இருக்கும்? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். "நோட்டு 9 ரூ. (அவருக்கு)."

இப்போது நானும் மாறிவிட்டேன். இரண்டு பக்கம் தொடர்கிறது, அதை நிறுத்தினால் எனக்குக் கை நடுங்கும். ஆனால் கருத்துச் சொல்வதற்கு முன்னால் மேலே ஒரு வரி, உருப்படியாக, நடந்தது நடந்தபடி. நேற்று எழுதியது: "சிலிண்டர் மாற்றியது, வியாழக்கிழமை காலை." பெருமையாக அவளிடம் காட்டினேன். முப்பது வருஷத்தில் என் நோட்டில் அவள் படித்த முதல் வரி.

காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். புதன்கிழமையாம்.